வெயிலை ஊட்டி வளர்த்தது

புல் எங்கே இருக்கிறது என்று ஒருவன் நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. மேய்ச்சல்காரர்களுக்குள் இது சட்டம். எழுதி வைத்த சட்டமில்லை, அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. வயதைப் பற்றிப் பொய் சொல்லலாம், ஒட்டகத்தை விற்கும்போது அதன் பல்லைப் பற்றி வாய் கூசாமல் சொல்லலாம். புல்லையும் தண்ணீரையும் பற்றி மட்டும் கூடாது. சொன்னவனோடு அப்புறம் யாரும் உட்கார்ந்து தேநீர் குடிக்க மாட்டார்கள்.

கத்ரி இந்தச் சட்டத்தை வாழ்நாளில் ஒரு முறையும் மீறியதில்லை. அதற்கு அவன் வைத்திருந்த வழி ரொம்பச் சுலபம். கேட்பதற்கு ஆள் இல்லாத பக்கமாகவே ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போவான். கிணற்றடியில் கூட்டம் தெரிந்தால் சுற்றிக்கொண்டு போய், அவர்கள் கிளம்பிய பிறகு தண்ணீர் காட்டுவான். தூரத்தில் புழுதி எழும்பினால் மணல்மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவான். பொய் சொல்லவும் மாட்டான், உண்மையை வாரி இறைக்கவும் மாட்டான்.

"நாலு மனுஷ மூஞ்சியைப் பார்த்து எத்தனை நாளாச்சு?" என்பாள் அவன் மனைவி டெக்பெர். "யோக்கியமா இருக்கணும்னா ஊரை விட்டே ஓடணுமா, மனுஷா?"

"ஓடல. ஒதுங்கறேன்."

"ஒதுங்கி ஒதுங்கி ஒருநாள் கடல்ல போய் விழப் போறோம்."

அவள் கேலி செய்தாலும் விஷயம் அவளுக்கும் தெரியும். வானம் வரிசையாக மூன்று வருஷம் ஏமாற்றிவிட்டது. பெரிய மந்தை கரைந்து கரைந்து ஒரு கைப்பிடி ஒட்டகங்களாக நின்றது. இருந்ததில் பெரும்பாலும் சினைப்பெட்டைகள். அவை ஈனும் நேரத்தில் பசும்புல் கிடைத்தால் பால் சுரக்கும், கன்று நிற்கும். கிடைக்காவிட்டால் கன்றும் போகும், கத்ரியும் சுவெராத் நகரத்துக்குப் போய் எவனுடைய கிடங்குக்காவது காவல் காக்க வேண்டியதுதான். அவன் மச்சான்கள் இரண்டு பேர் ஏற்கெனவே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாற்காலியை நினைத்தாலே கத்ரி ஒட்டகங்களை இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பான்.

அந்த வருஷம் திரிஸ் சமவெளியின் வடமேற்கில் எங்கேயோ ஒரு மேகம் இறங்கிக் கொட்டிவிட்டுப் போனதாகச் சேதி வந்தது. எங்கே என்று யாருக்கும் தெரியாது. தேடித்தான் போக வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் யெஸ்லெம் வந்தான்.

யெஸ்லெம் கத்ரிக்குப் பால் சகோதரன். அவனைப் பெற்ற தாய் பிரசவத்திலேயே போய்விட்டாள். அதே மாதத்தில் கத்ரியைப் பெற்றிருந்த தாய், ஒரு மார்பை இவனுக்கும் மறு மார்பை அவனுக்கும் கொடுத்தாள். பால் குடித்துவிட்டால் ரத்தம் மாதிரிதான். இவன் மகளை அவன் மகனுக்குக் கட்ட முடியாது. அந்த அளவுக்கு உறவு. யெஸ்லெமுக்கு இப்போது சுவெராத்தில் கடை இருந்தது. பால் கொடுத்த அந்தத் தாயும் அங்கே அவனோடுதான் இருந்தாள். சோலார் பேனல், பேட்டரி, போன், டார்ச் லைட் எல்லாம் விற்றான். பிக்கப் வண்டியிலிருந்து இறங்கி, மடித்து வைக்கிற பேனல் ஒன்றையும், ஒரு பேட்டரிப் பெட்டியையும், குட்டையான ஆன்டெனா வைத்த சாட்டிலைட் போன் ஒன்றையும் கத்ரியின் மடியில் போட்டான்.

"டவர் இல்லாத இடத்துலயும் பேசும். வானத்தைப் பார்த்து வச்சா போதும்" என்றான்.

"இதெல்லாம் என்ன விலைடா?"

"விலை கேட்டா செருப்பால அடிப்பேன். அம்மா தினமும் உன்னை நெனச்சு அழுவுறா. உனக்கு ஒண்ணுன்னா எனக்குத் தெரிய வேணாமா? ஒண்ணு மட்டும் செய். போனை ராத்திரி பகல் எப்பவும் அணைக்காதே. உறை போட்டு மூடாதே. வானம் தெரியறாப்புல வை."

கத்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. டெக்பெர் இருந்ததால் தலைப்பாகையைச் சரிசெய்கிற சாக்கில் துடைத்துக்கொண்டான்.

பயணம் முழுக்க அந்தப் பேனல்தான் வீட்டுப் பிள்ளை. அவர்கள் வடக்கே போனார்கள், குளிர்காலச் சூரியன் முதுகுப் பக்கம் நின்றது. அதனால் சர்க்கா என்ற சாந்தமான ஒட்டகத்தின் சேணத்துக்குப் பின்னால், பின்புறம் சாய்வாக இருக்கும்படி பேனலைக் கட்டினான். முதல் இரண்டு நாள் பின்னால் வந்த ஒட்டகம் அதில் தன் மூஞ்சியைப் பார்த்து மிரண்டு கத்தியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கத்ரி இறங்கியதும் முதல் வேலையாகத் தலைப்பாகை நுனியால் பேனலில் படிந்த தூசியைத் துடைப்பான். சூரியன் நகர நகர அதைத் திருப்பி வைப்பான்.

"என் மூஞ்சியை இப்படி ஒருநாள் துடைச்சிருப்பியா?" என்றாள் டெக்பெர்.

"உன் மூஞ்சி வெயில் பட்டா கரண்ட் குடுக்குமா?"

"அடி குடுக்கும். வேணுமா?"

ஆனால் அந்தப் போன் பெரிய தின்னிப்பண்டாரமாக இருந்தது. யாரிடமும் பேசாத நாளிலும் மாலைக்குள் சார்ஜ் பாதி காலியாகிவிடும். கேட்டதற்கு, "அது வானத்துல தேடிக்கிட்டே இருக்கும்டா, அப்படித்தான் தின்னும்" என்றான் யெஸ்லெம். ஆகவே பேட்டரிப் பெட்டியில் சேர்ந்ததெல்லாம் போனுக்கே போனது. டெக்பெரின் சின்ன ரேடியோவும் விளக்கும் மிச்சம் மீதிக்குக் காத்திருந்தன.

இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை யெஸ்லெம் கூப்பிடுவான். உடம்பு எப்படி, ஒட்டகம் எப்படி, அண்ணி எப்படி என்று விசாரிப்பான். அம்மாவிடம் போனைக் கொடுப்பான். எங்கே இருக்கிறாய் என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

கத்ரி இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தான். "பார்த்தியா டெக்பெர்? கேட்டா நான் சொல்லியாகணும்னு அவனுக்குத் தெரியும். என்னைத் தர்மசங்கடத்துல விடக் கூடாதுன்னு கேக்கவே மாட்டேங்கறான். கடைக்காரனா ஆனாலும் பால் மாறல, பாரு."

"உம்" என்றாள் டெக்பெர். அவளுக்கு யெஸ்லெமைப் பிடிக்கவும் பிடிக்காது, பிடிக்காமலும் இல்லை.

பாதி வழியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பொட்டல் வெளி, கருங்கல் சல்லி, ஒரு பசும்பொட்டு கிடையாது. அவளால் சேணத்தில் உட்காரவே முடியவில்லை. கூடாரம் போட்டார்கள். அதே நேரம் பார்த்துப் புழுதிக்காற்று கிளம்பி, சூரியன் மங்கிப் பால் மாதிரி ஆகிவிட்டது. பேனல் கொடுத்தது ஒரு சொட்டுதான். ஒட்டகங்கள் பசியில் கயிற்றைக் கடித்தன. டெக்பெர் ஜுர வேகத்தில், "ரேடியோவையாவது போடேன். ஒரு மனுஷக் குரல் கேக்கட்டும்" என்று முனகினாள்.

"சார்ஜ் இல்லம்மா. இருக்கறது போனுக்கு வேணும். உனக்கு ரொம்ப முடியாமப் போச்சுன்னா யெஸ்லெமைத்தானே கூப்பிடணும்?"

அவள் சுவர் இல்லாத இடத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பவளைப் போல முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். இவள் பிழைக்க மாட்டாளோ என்று ஒரு சாயங்காலம் கத்ரி பயந்தே போனான். ஆனாலும் கூப்பிடவில்லை. அம்மா கேட்டால் உயிரை விட்டுவிடுவாள் என்று இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளினான். நல்லவேளையாகக் காய்ச்சல் தானாக இறங்கியது. அடுத்த முறை யெஸ்லெம் பேசியபோது, எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டான். அவனும், சௌக்கியமா, அல்லாஹ்வுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு வைத்தான்.

பிறகு தின்வார் குன்றுகளுக்கு அந்தப் பக்கம் ஏறி இறங்கியபோது புல் கிடைத்தது.

கிடைத்தது என்று சொன்னால் போதாது. குன்றுகளுக்கு நடுவே ஒரு தாழ்வான கிண்ணம். அந்த மேகம் அதற்குள் தன்னிடம் இருந்ததையெல்லாம் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தது. ஒட்டகங்கள் ஆசையாகத் தின்னும் உப்புச்செடி ஒரு பக்கம், இளம்புல் ஒரு பக்கம், பாறை இடுக்கில் மழைத்தண்ணீர் வேறு. சினைப்பெட்டைகள் கயிறு அவிழ்ப்பதற்கு முன்பே கழுத்தை நீட்டின. கத்ரி மண்ணில் நெற்றி வைத்துத் தொழுதான். எழுந்தபோது டெக்பெர் சிரித்துக்கொண்டே அழுதாள். சிக்கனமாக மேய்த்தால் எல்லாப் பெட்டையும் ஈன்று கன்றுகள் காலூன்றும் வரை தாங்கும். அந்த வாரமே முதல் கன்று பிறந்தது.

அன்று போனில், "ஒண்ணு ஈன்னுடுச்சுடா!" என்று கத்தினான் கத்ரி.

"மாஷா அல்லாஹ்! அப்போ நல்லா இருக்கீங்க."

"நல்லா இருக்கோம்."

யெஸ்லெம் அப்போதும் எங்கே என்று கேட்கவில்லை.

கன்று துள்ள ஆரம்பித்த சமயத்தில் லாரிகள் வந்தன. முதலில் இரைச்சல், பிறகு புழுதி, பிறகு குன்றுச் சரிவில் வரிசையாக ஆட்டு லாரிகள், பின்னால் ஒரு தண்ணீர் டேங்கர். சுற்றிப் பார்க்கவில்லை, தடம் தேடவில்லை. சொந்த வீட்டு வாசலுக்கு வருவது போல நேராகக் கிண்ணத்துக்குள் இறங்கிப் பின்கதவைத் திறந்தன. ஆடுகள் கொட்டின. ஒட்டகம் நுனியைக் கிள்ளிவிட்டு நடக்கும். பட்டினியாக வந்த ஆடு வேரையும் விடாது. சாயங்காலத்துக்குள் கிண்ணத்தின் ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டது.

லாரிக்காரன் ஒருவன் தேநீர்க் கெட்டிலோடு கத்ரியின் கூடாரத்துக்கு வந்தான். ஹம்மாதி என்று பெயர். நல்ல பையன், சலாம் சொல்லிவிட்டு, தானே அடுப்பு மூட்டி, முதல் கோப்பையைப் பெரியவரான கத்ரிக்கு நீட்டினான். ஆடுகள் நகரத்து முதலாளி ஒருவருடையவை என்றும், தன்னுடைய சொந்த ஆடுகளும் கொஞ்சம் அதில் கலந்திருப்பதாகவும் சொன்னான்.

"தம்பி, இந்தப் புல் இங்க இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டான் கத்ரி.

நேருக்கு நேர் கேட்ட கேள்வி. ஹம்மாதி மேய்ச்சல்கார வம்சம்தான். உண்மையைச் சொன்னான்.

"சுவெராத்துல யெஸ்லெம்னு ஒரு கடைக்காரர் இருக்காரு, அண்ணே. அவருகிட்ட ஒரு ஆளு இருக்கானாம், மோப்பக்காரன். புல்லு பூமிக்கு அடியில இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவானாம். அவன் கையில ஒரு போனைக் குடுத்து வச்சிருக்காரு. அது அவன் போற இடமெல்லாம் இவருக்குச் சொல்லிடும். அவனுக்கே தெரியாதுங்க!" சொல்லிவிட்டுச் சிரித்தான். "அதை முதலாளிங்களுக்கு விக்கறாரு. முதல் ஆளா எங்க முதலாளி வாங்கிட்டாரு."

டெக்பெர் கையிலிருந்த தோல் பையைக் கீழே வைத்தாள்.

ஹம்மாதி தன் போனை எடுத்து, கிளம்பும்போது யெஸ்லெம் அனுப்பிய படம் என்று காட்டினான். வெறும் மஞ்சள் நிலம். அதன்மேல் சிவப்புப் புள்ளிகள், வடமேற்காக வளைந்து வளைந்து. கத்ரிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வளைவுகளை அடையாளம் தெரிந்தது. கிணற்றைச் சுற்றிப் போன வளைவு. புழுதியைக் கண்டு ஒதுங்கிய வளைவு. நேர்மையைக் காப்பாற்றிக்கொள்ள அவன் எடுத்துவைத்த ஒவ்வொரு சுற்றும் அங்கே சிவப்பாக இருந்தது.

ஓரிடத்தில் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

"இங்க என்ன?" என்று கேட்டான்.

"அதுவா? அங்க பல நாள் நகரவே இல்லையாம். எங்க முதலாளி, அங்கதான் புல்லு போலிருக்கு, லாரியை விடுங்கன்னாரு. யெஸ்லெம்தான் தடுத்துட்டாரு. 'அது வெறும் சல்லிக்காடு, எனக்குத் தெரியும். எதுக்கோ நின்னிருக்கான். நகர்ந்துடுவான், பொறுங்க'ன்னாரு. சொன்ன மாதிரியே நகர்ந்துட்டான், பாருங்க."

கத்ரி அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தான். புல் இல்லாத, தண்ணீர் இல்லாத இடத்தில் தன் அண்ணன் நாள் கணக்காக நிற்கிறான் என்று யெஸ்லெம் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். ஏன்டா நிற்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவளுக்கு ஒரு குரலைக் கேட்கக் கொடுக்காமல், அந்த மங்கல் வெயிலில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்ததெல்லாம் இந்தச் சிவப்புக்குத்தான் போயிருக்கிறது. தூசி துடைத்ததும் அவன்தான், திருப்பித் திருப்பி வைத்ததும் அவன்தான். பாம்புக்குப் பால் வார்த்தவனாவது பாம்பு என்று தெரிந்துதான் வார்த்திருப்பான்.

ஹம்மாதி மூன்றாவது கோப்பையும் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். மோப்பக்காரன் இதற்குள் வேறெங்கோ போயிருப்பான் என்றே அவன் நினைத்திருந்தான், யாரிடம் பேசினோம் என்று அவனுக்குத் தெரியாது.

"கேக்காம இருக்கறது மரியாதைன்னு சொன்னியே" என்றாள் டெக்பெர். கேலி இல்லை அந்தக் குரலில்.

கத்ரி போனை எடுத்தான்.

யெஸ்லெம் எப்போதும் போலவே ஆரம்பித்தான். உடம்புக்குக் குறைவில்லையே, ஒட்டகத்துக்குக் குறைவில்லையே, அண்ணிக்குக் குறைவில்லையே. கத்ரியும் ஒவ்வொன்றுக்கும் முறைப்படி பதில் சொன்னான். எல்லாம் முடிந்த பிறகு, "யெஸ்லெம், நான் இப்ப எங்க இருக்கேன், சொல்லு பார்ப்போம்" என்றான்.

"எனக்கெப்படிடா தெரியும்?"

"தெரியாதா?"

"நீ சொன்னாத்தானே தெரியும்? நான்தான் கேக்கறதே இல்லையே. உன் வழக்கம் எனக்குத் தெரியாதா என்ன? நாம ஒரே பால் குடிச்சவங்கடா."

பால் என்ற வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டு இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் கத்ரி மன்னித்துக்கூட இருப்பான், அப்படிப்பட்ட மடையன்தான் அவன்.

"சரி, நீ கேக்கல. நானே சொல்றேன்" என்றான் கத்ரி. "அக்மிர் பக்கம் புல்லு முழங்கால் உயரத்துக்கு நிக்குது. போனை டெக்பெர்கிட்ட விட்டுட்டுப் போய்க் கண்ணால பார்த்துட்டு வந்தேன். நாளைக்கு அங்க போறோம்."

"நல்லது, நல்லது" என்ற குரலில் ஒரு அவசரம் வந்து உட்கார்ந்துகொண்டது. கத்ரி போனை அணைத்தான். வாங்கிய நாளிலிருந்து அது அணைவது அப்போதுதான்.

"அக்மிர்ல புல்லா?" என்றாள் டெக்பெர். "அங்க கல்லு கூட முளைக்காதே."

"போன்லதானே சொன்னேன். நேர்ல சொல்லல."

அவள் கீழே வைத்த தோல் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

விடிந்ததும் லாரிகள் உறுமின. ஆடுகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கத்ரி பார்த்துக்கொண்டே நின்றான். கிண்ணத்தில் பாதிக்கு மேல் இன்னும் பச்சை மிச்சம் இருந்தது. இவர்கள் போய்விட்டால் போதும். பெட்டைகள் ஈன்றுவிடும், காவல்காரன் நாற்காலி வேறு எவனுக்காவது போகும். அப்போது ஹம்மாதி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அண்ணே, அக்மிர்ல நல்ல புல்லுன்னு யெஸ்லெம்கிட்டேருந்து ராவோட ராவா முதலாளி ஆளுங்க சாட்டிலைட் போனுக்குச் சேதி வந்திருக்கு. டேங்கர்ல தண்ணி ஒரு தடவை போறதுக்குத்தான் இருக்கு. அங்க ஒண்ணும் இல்லைன்னா ஆடெல்லாம் செத்துப்போயிடும், என்னுதும் சேர்ந்து. நீங்க இந்தப் பக்கமே சுத்தறவரு. நெசமாவே அங்க புல்லு இருக்கா?"

கைக்கெட்டும் தூரத்தில் நின்று கேட்டான். பால் கறந்துகொண்டிருந்த டெக்பெரின் கை நின்றுவிட்டது.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கத்ரி வாயைத் திறந்தான். யெஸ்லெமுக்குப் பொய் சொன்ன வாய்தான், இந்தப் பையனின் முகத்துக்கு முன்னால் சொல்ல மாட்டேன் என்றது.

"இல்ல" என்றான். "அக்மிர்ல ஒரு மண்ணும் இல்ல. போகாதே."

"அப்போ யெஸ்லெம் பொய் சொன்னாரா?"

"அவன் சொல்லல. நான்தான் அவன்கிட்டப் பொய் சொன்னேன். நேத்து நீ சொன்னியே மோப்பக்காரன், அது நான்தான்."

ஹம்மாதியின் முகம் செத்துப்போனது. கூடாரத்தைப் பார்த்தான், ஒட்டகங்களைப் பார்த்தான், சர்க்காவின் முதுகில் இருந்த பேனலைப் பார்த்தான். "அண்ணே, நான் வெறும் லாரி ஓட்டறவன். இங்கேருந்து போயிடலாம்னு நான் சொன்னா முதலாளி ஆளுங்க கேக்க மாட்டாங்க" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

"தெரியும். நாங்க போறோம்."

கூடாரம் பிரிக்க அதிக நேரம் ஆகவில்லை. புதுக்கன்றை வலையில் போட்டுத் தாயின் விலாவில் தொங்கவிட்டார்கள். கத்ரி பேனலையும் அவிழ்க்கப் போனபோது டெக்பெர் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அதை எதுக்கு அவுக்கறே? வெயில் என்ன யெஸ்லெமோட அப்பன் வீட்டுச் சொத்தா? கிடக்கட்டும். என் ரேடியோ பாடும்."

கத்ரி போனை மட்டும் ஹம்மாதியிடம் நீட்டினான். "ஊருக்குப் போனா இதை அவன் கையில குடுத்துடு."

"ஏதாவது சொல்லணுமா, அண்ணே?"

கத்ரியிடம் திட்டு நிறைய இருந்தது, அதையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னான்.

"வழியில ஒரு இடத்துல புள்ளியெல்லாம் குமிஞ்சு கிடந்துச்சே, அங்க ஏன் நின்னோம்னு சொல்லிடு. அவன் அண்ணிக்குக் காய்ச்சல். செத்துப்போயிடுவாளோன்னு நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அவனும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தான்னு எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சிருந்தா, மறைக்காம அவன்கிட்ட உதவின்னு கேட்டிருப்பேன்."

ஹம்மாதி போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் லாரிக் கதவுகள் மறுபடியும் திறந்து ஆடுகள் இறங்கின. கத்ரி மூக்கணாங்கயிற்றை இழுத்துக்கொண்டு வடக்கே நடந்தான். அந்தப் பக்கம் புல் இருக்கிறதா என்று அவனுக்கும் தெரியாது, டெக்பெருக்கும் தெரியாது.